திறவாத கதவின் முன்: யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் காத்திருப்புக் காலங்கள்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் கீழைக் கோபுரம் 217 அடி உயரமும் பதினொரு நிலைகளும் உடையது. விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தொடங்கப்பெற்ற அப்பணி தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்திலேயே நிறைவெய்தியது. தொடங்கிய அரசர் பெயரும் முடித்த நாயக்கர் பெயரும் இவ்வூர்ப் பள்ளிச் சிறுவருக்கும் தெரியும். இடையில் கழிந்த நீண்ட ஆண்டுகளில், முடிவுறாத கோபுரத்தின் அடியில் தத்தம் கடமையை நாள்தோறும் செய்துவந்தோர் யாவர் என்பதை அறிவாரில்லை. நம் திருச்சபைகளின் நிலையும் இதுவே. மூலைக்கல் நாட்டிய பேராயரின் பெயர் ஒரு சலவைக்கல்லிலும், அர்ப்பணம் செய்தவரின் பெயர் இன்னொரு சலவைக்கல்லிலும் இருக்கும். இரண்டு கற்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஓலைக்கொட்டகையில் ஞாயிறு ஆராதனையை நடத்திய உபதேசியாரைக் குறித்து எந்தக் கல்லும் பேசுவதில்லை.

வரலாறு எழுதுவோர் இந்த இடைக்காலத்தைத் தாண்டிச் செல்லும் பழக்கமுடையவர்கள். ஆயின் சில நிறுவனங்களைப் பொறுத்தமட்டில் இடைக்காலமே அவற்றின் உண்மையான வரலாறு ஆகும். நூலகங்கள் அவ்வகையைச் சார்ந்தவை. கட்டடம் எழும்பிக்கொண்டிருக்க, அல்லது எழும்பி முடிந்தும் கதவு திறக்கப்படாதிருக்க, உள்ளே செல்லும் நாளை எதிர்நோக்கியிருக்கும் நூலக ஊழியரின் நிலையை ஆராய்வதற்குத் தமிழுலகில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தினும் மேலான சான்று கிடைப்பதரிது. அந்நூலகம் ஒருமுறை அன்று, மூன்று முறை இவ்வாறு காத்திருந்தது. ஈழத்தினின்று அகதிகளாய் வந்த மக்கள் வாழும் முகாம்கள் நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் உள்ளன. அவர்களிடையே ஊழியஞ்செய்யும் குருமார், அம்மக்கள் விட்டுவந்த நகரத்தின் அறிவுச் செல்வத்திற்கு நேர்ந்ததைச் செவிவழிச் செய்தியாக அன்றி வரலாறாக அறிந்திருப்பது தகும் என்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையில் ஒரு முன்னோடி

யாழ்ப்பாணத்திற்குச் செல்லுமுன் சென்னையைச் சற்று நோக்குவோம். யாழ்ப்பாண நூலகத்தின் அமைப்புக்கு அறிவுரை வழங்கியவர் சென்னையில் உருவானவர் என்பதே காரணம். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் எட்வர்டு ராஸிடம் கணிதம் பயின்று, பின்பு கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தார். முதற்சில நாட்களில் அவ்வேலையின் தனிமை அவருக்குப் பெரிதும் சலிப்பூட்டிற்று என்றும், மீண்டும் கற்பித்தலுக்கே சென்றுவிட விரும்பினார் என்றும் அறிகிறோம். இலண்டனில் நூலகப் பயிற்சி பெற்று 1925இல் திரும்பியபோது அவர் வேறொரு மனிதராயிருந்தார்.

அவர் திரும்பிவந்த நூலகத்திற்குச் சொந்தமாய் ஒரு கட்டடம் இல்லை. தொடக்கத்தில் அது கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் ஒண்டியிருந்தது. சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்கும் தற்போதைய கட்டடத்தில் அது குடியேறியது 1936இல்தான். இனி அவருடைய நூல்கள் வெளிவந்த ஆண்டுகளைப் பாருங்கள். நூலக இயலின் ஐந்து விதிகளைக் கூறும் நூல் 1931. கோலன் பகுப்புமுறை 1933. பகுப்புப் பட்டியல் விதிகள் 1934. நூலக ஆட்சிமுறை பற்றிய பெருநூல் 1935. உலக நூலகர்கள் இன்றும் போற்றும் இந்நான்கும் கட்டடம் கிடைப்பதற்கு முன்னரே தோன்றிவிட்டன! சென்னை நூலகச் சங்கம் 1928இல் எழுந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் 1931இல் ஓடத்தொடங்கியது. நெருக்கடியான இடத்தில் எந்த நூலை எந்த நூலின் அருகே வைப்பது என்ற கேள்வி நாள்தோறும் எழுந்துகொண்டிருந்ததே அம்முறைகளைக் கூர்மைப்படுத்தியிருக்கும் என்பது என் கருத்து. விசாலமான கூடத்தில் அமர்ந்திருப்பவருக்கு அக்கேள்வி அவ்வளவு கடுமையாய் எழாது.

ஓர் அறையில் 844 நூல்கள்

யாழ்ப்பாணத்தில் நூலகம் என்னும் எண்ணம் 20ஆம் நூற்றாண்டில் முளைத்ததன்று. 1816இல் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். அவர்களும் அவர்களிடம் பயின்ற தமிழரும் அச்சகம், செய்தித்தாள், அகராதி, தமிழ் மருத்துவ நூல் ஆகிய துறைகளில் ஆற்றிய பணி நம் வகுப்பறைகளில் கற்பிக்கப்படுவதே. உதயதாரகை இதழ் 1841இல் தோன்றிற்று. 1862இல் சென்னையில் வெளிவந்த உவின்சுலோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி, யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் தொடங்கிய வேலையின் முதிர்ச்சியே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகளாய் 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். ஆறுமுக நாவலரின் அச்சுப்பணியும் இச்சூழலில், இதற்கு எதிர்வினையாகவும் இதனோடு போட்டியிட்டும் வளர்ந்தது. சைவரும் கிறித்தவரும் ஒருவரையொருவர் கண்டித்துத் துண்டறிக்கைகள் எழுதினர். அக்கண்டனங்களினாலேயே அந்நகரில் படிப்போர் பெருகினர். இது நாம் சற்றே நகைத்துக்கொள்ளத்தக்க உண்மை.

எனினும் எவரும் வந்து படிக்கத்தக்க பொது நூலகம் என ஒன்று நகரில் இல்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934இல் ஒரு குழு அமைந்து, அவரையே செயலாளராகக் கொண்டு, ஆசுபத்திரி வீதியில் ஓர் அறையில் நூலகம் நடைபெற்றது. அப்போது இருந்தவை 844 நூல்களும், ஏறத்தாழ 30 இதழ்களும் செய்தித்தாள்களுமே. பின்னர் அது பிரதான வீதியில் வேறொரு கட்டடத்திற்கு மாறியது. வாசகர் பெருக, இடம் போதாதாயிற்று. நகரத்தின் பெரியோர் கூடி, நிலையான ஒரு கட்டடம் எழுப்ப வேண்டுமென நிதி திரட்டினர்.

அவர்களுள் முன்னின்றவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்: புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளார். நிதி திரட்டியோருள் சைவரே பெரும்பான்மையினர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வரைபடம் அமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். திராவிடக் கட்டட மரபைத் தழுவிய அவ்வடிவத்தின் உள்ளமைப்புக்கு அறிவுரை கூறியவர் நாம் மேலே கண்ட ரங்கநாதன். முதற்பெரும் பகுதி 1959இல் மேயர் அல்பிரட் துரையப்பாவால் திறந்துவைக்கப்பெற்றது.

ஓரறையில் தொடங்கிய 1934 முதல் 1959 வரை கணக்கிட்டால் இருபத்தைந்து ஆண்டுகள்! ஓர் ஊழியரின் பணிக்காலம் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். இக்காத்திருப்பைக் கவலையற்ற காத்திருப்பு என்று கூறலாம். அதில் எவர்மீதும் பகையில்லை, பணமும் இடமுமே குறை. ஆயினும் அக்காலத்திலேயே நூலகத்தின் தன்மை உருவாயிற்று. ஊர் மக்கள் தம் வீட்டு ஏடுகளையும் ஓலைச்சுவடிகளையும் கொண்டுவந்து ஒப்படைக்குமளவுக்கு ஒரு நம்பிக்கை வளர்ந்தது. வீட்டுப் பரணில் இருப்பதைவிட நகரசபையின் கையில் இருப்பது பாதுகாப்பு என்று ஒரு குடும்பம் எண்ணவேண்டுமாயின், அங்கே அமர்ந்திருப்பவரை அது நம்பியிருக்கவேண்டும். கூரையைப் பார்த்து எவரும் சுவடியைக் கொடுப்பதில்லை.

1981 ஜூன் முதல் நாளிரவு

மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. 1981 மே 31ஆம் நாள், தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் காவலர் மூவர் சுடப்பட்டு, அவருள் இருவர் இறந்தனர். அன்றிரவு முதல் காவற்படையினரும் அவர்களோடு சேர்ந்தவரும் நகரில் வெறியாட்டம் ஆடினர். நால்வர் தம் வீடுகளினின்று இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். கூட்டணியின் தலைமையகமும் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் அழிக்கப்பட்டன. பண்பாட்டுச் சான்றோரின் சிலைகள் உடைக்கப்பட்டன. ஜூன் முதல் நாளிரவு நூலகத்திற்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அரசின் அமைச்சர் இருவர் அந்நாட்களில் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தனர். இக்குற்றத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2016இல், இலங்கைப் பிரதமர் பாராளுமன்றத்தில் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

எரிந்தவற்றுள் கலைமேதை ஆனந்த குமாரசுவாமியின் தொகுப்பும், ஐசக் தம்பையா அவர்களின் தொகுப்பும் இருந்தன. பின்னவர் நம்மவர் கவனத்திற்குரியவர். வழக்கறிஞராயிருந்து பின்பு ஆங்கிலிக்கன் குருவாக அபிடேகம் பெற்ற அவர், தாயுமானவர் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, கிறித்தவ அனுபவத்தோடு ஒப்புநோக்கி, 1925இல் ஒரு நூலாக வெளியிட்டார். சமய உரையாடல் என்னும் சொல் வழக்குக்கு வருவதற்கு முன்னரே அதனைச் செய்தவர். அவ்வுரையாடலுக்கு அவர் பயன்படுத்திய நூல்களுள் எத்தனை அத்தொகுப்பில் இருந்தன, அவற்றின் ஓரங்களில் அவர் என்ன குறித்திருந்தார் என்பதை இனி எந்த ஆராய்ச்சி மாணவனும் காணமுடியாது.

இங்கே வரலாற்றாசிரியன் சற்று நிதானிக்க வேண்டும். யாழ்ப்பாண வைபவமாலை முற்றாக அழிந்தது என மேடைகளில் கூறப்படுவதுண்டு. நூலகத்திலிருந்த சுவடி அழிந்தது. ஆனால் நூலின் பாடம் அழியவில்லை. 1879இலேயே பிரிட்டோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்; தமிழ்ப் பதிப்புகளும் உண்டு. இழப்பை மிகைப்படுத்த வேண்டிய தேவை நமக்கு இல்லை; இருந்தபடி கூறினாலே அது போதிய அளவு கொடியது. பன்னூறு ஊர்களில் பிரதி கிடைக்கும் அச்சுநூல்கள் ஒருபுறமிருக்க, வேறெங்கும் பிரதியில்லாத செய்தித்தாள் தொகுதிகளும், குடும்பங்கள் ஒப்படைத்த சுவடிகளும் திரும்பி வராதவை.

புனித பத்திரிசியார் கல்லூரியில் வாழ்ந்துவந்த தமிழறிஞர் தாவீது அடிகளார், தம் இருப்பிடத்தினின்று நூலகம் எரிவதைக் கண்டு நெஞ்சதிர்ந்து வீழ்ந்து உயிர்நீத்தார். பன்மொழி கற்றவர், தமிழ்ச் சொற்பிறப்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். அவருக்கும் லோங் அடிகளாருக்கும் நூலகத்தில் சிலைகள் எழுந்துள்ளன.

வெற்றுப் பேழைகள்

இவ்விடத்தில் திருச்சபை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. மாமன்னன் தியோக்கிலேசியன் 303இல் வேதநூல்களைக் கைப்பற்றி எரிக்குமாறு கட்டளையிட்டான். வட ஆப்பிரிக்காவின் சீர்த்தா நகரில் அதிகாரிகள் சபைக்கூடத்தில் நுழைந்து சோதனையிட்டனர். அந்நாளைய நடவடிக்கைக் குறிப்பு இன்றும் எஞ்சியுள்ளது. கிண்ணங்கள், விளக்குகள், ஏழைகளுக்கென வைத்திருந்த ஆடைகள், காலணிகள் யாவும் எண்ணிக்கையோடு பதியப்படுகின்றன. பின்பு நூலக அறைக்குச் செல்கின்றனர். அங்கே பேழைகள் வெறுமையாயிருக்கின்றன! நூல்கள் வாசகர்களின் வீடுகளில் இருக்கின்றன எனத் துணை உதவிக்காரர் கூறுகின்றனர். வாசகர் என்பது ஆதித்திருச்சபையில் ஒரு திருநிலைப் பதவி. மறைநூலைச் சபையில் படிப்பதோடு அதனைக் காப்பதும் அவர் பொறுப்பு. வாசகர்களின் பெயர்களையும் வீடுகளையும் காட்டிக்கொடுக்குமாறு கேட்டபோது துணை உதவிக்காரருள் சிலர் மறுத்தனர். இறுதியில் வீடு வீடாகச் சென்று பல ஏடுகளைப் பறித்தனர் என்பது உண்மையே. ஆயினும் நூலகத்தைக் காத்தல் திருச்சபையில் ஒருகாலத்தில் எத்தகைய அலுவலாய்க் கருதப்பட்டது என்பதை அக்குறிப்பு காட்டுகிறது. இன்று நம் நிறுவனங்கள் பலவற்றில் வேறு எந்த வேலைக்கும் உதவாதவர் என எண்ணப்படுபவரை நூலகத்தில் அமர்த்தும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டால் நாணமே மிஞ்சும்.

எரேமியாவின் 36ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் யோயாக்கீம் அரசனின் செருக்குக்கு எடுத்துக்காட்டாகவே பிரசங்கிக்கிறோம். சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்து அறுத்துக் குளிர்காய் நெருப்பில் இட்ட அரசனைப் பற்றிப் பேசிமுடித்தவுடன் ஆமென் கூறிவிடுகிறோம். அதிகாரமோ அங்கே முடிவதில்லை. பாரூக் இன்னொரு சுருளை எடுத்து மறுபடியும் எழுதுகிறார். முன்பு இல்லாத சொற்களும் அதில் சேர்க்கப்படுகின்றன. எழுத்தர் ஒருவர் இருந்து, சொல்லக்கூடியவரும் உயிரோடிருந்தமையால் அது இயன்றது. யாழ்ப்பாணத்திற்கு அவ்வாய்ப்பு முழுமையாய்க் கிடைக்கவில்லை. 97,000 நூல்களை நினைவினின்று ஓதக்கூடியவர் எவர்?

எந்த நூலகத்திலும் இழப்பை அளப்பதற்குரிய கருவி அதன் சேர்க்கைப் பதிவேடு. வந்த நூல் ஒவ்வொன்றும் வரிசையெண், நாள், கொடுத்தவர் பெயர், விலை ஆகியவற்றோடு அதில் எழுதப்பெறும். அடுத்து, நூலட்டைப் பட்டியல். பதிவேடும் நூல்களிருந்த அதே கூரையின்கீழ் இருந்தால், நெருப்பு நூலையும் எரித்து, அந்நூல் இருந்தது என்பதற்கான சான்றையும் எரித்துவிடும். ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் ஒரே பிரதியாய் ஒரே மரப்பெட்டியில் கிடக்கும் குருமனைகளில் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாம், மூன்றாம் காத்திருப்பு

தீக்கு மறுவருடம், 1982இல், ஊர் மக்கள் யாழ்ப்பாணப் பொது நூலக வாரம் என ஒன்றை நடத்தி ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்தனர். கட்டடத்தின் பகுதிகளைப் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே 1983 ஜூலைக் கலவரமும் உள்நாட்டுப் போரும் மூண்டன. எனினும் 1984இல் புதுப்பிப்பு முற்றுப்பெற்றது. மூன்றாண்டுகள் எனும்போது குறுகிய காலம் போலத் தோன்றும். சேர்ந்த ஒவ்வொரு நூலையும் புதிதாய்ப் பதிந்து, பகுத்து, எண்ணிட்டு, மீண்டும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கவேண்டிய ஊழியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு.

அந்த உழைப்பும் நிலைக்கவில்லை. இடமே அதற்குப் பகையாயிற்று. கோட்டையில் இராணுவம், நூலகப் பக்கத்தில் போராளிகள், இரண்டுக்கும் நடுவே எவருக்கும் உரிமையற்ற வெளி. 1985இல் காவல் நிலையமொன்று தாக்கப்பட்டதன் பின், படையினர் நூலகத்தினுள் நுழைந்து வெடிகுண்டுகளை வெடிக்கச்செய்தனர். ஆயிரக்கணக்கான நூல்கள் சிதறிப்போயின. குண்டு துளைத்த சுவர்களோடும் புகைபடிந்த தூண்களோடும் கட்டடம் கைவிடப்பட்டது.  மீண்டும் வேலை தொடங்கியது 1998இல், சந்திரிகா குமாரதுங்கவின் ஆட்சியில்தான். இலங்கையின் எல்லாப் பகுதியினரும் அயல்நாட்டு அரசுகளும் உதவினர். ஏறத்தாழ பத்து இலட்சம் அமெரிக்க டாலர் செலவாயிற்று. 25,000க்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. 2001இல் கட்டடம் முடிந்தது.

முடிந்தும் திறக்கப்படவில்லை. இதுவே மூன்றாவது காத்திருப்பு. மூன்றிலும் கடினமானது இதுவே என்பேன். முதலாவதில் பணம் இல்லை. இரண்டாவதில் நூல்கள் இல்லை. இதிலோ சுவர் இருந்தது, கூரை இருந்தது, நூல்களும் இருந்தன. போர்நிறுத்தம் நிலவிய 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறப்புவிழாவுக்கு நாள் குறிக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் இயக்கம் திறப்பை எதிர்த்தது. விழாவைத் தள்ளிவைக்குமாறு தம்மேல் சுமத்தப்பட்ட நெருக்கடியைக் கண்டித்து, மேயர் செல்லன் கந்தையன் தலைமையில் மாநகரசபையின் 23 உறுப்பினரும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். நூலகம் மேலும் தாமதித்தே வாசகருக்குத் திறந்தது.

இவ்வெதிர்ப்பை எவ்வாறு மதிப்பிடுவது? எரித்தவரே வெள்ளையடித்துத் திறந்துவைத்தால் குற்றம் மறக்கப்பட்டுவிடும் என்ற வாதம் ஒன்று நகரில் இருந்தது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டு, புதியதை வேறிடத்தில் எழுப்பியிருக்கலாம் என்றும் சிலர் கருதினர். இவை வெறுமனே தள்ளிவிடத்தக்கவை அல்ல. நீதி வழங்கப்படாத இடத்தில் ஒப்புரவு பேசுவது எளிதன்று என்பது நம் இறையியல் வகுப்புகளில் நாமே கற்பிப்பது. ஆனால் கட்டடம் எழுந்து நிற்க, ஊர் மக்கள் தெரிந்தெடுத்த சபை திறக்க விரும்ப, அதனை வெளியிலிருந்து தடுத்தது நூலகத்தின் மீது நிகழ்ந்த மற்றுமொரு அதிகாரச் செயல் என்றே நான் கருதுகிறேன். சினமுற்றோரின் உரிமையையும் ஆளுவோரின் உரிமையையும் பற்றி வாதங்கள் நிகழ்ந்தன. 1981இல் பிறந்த பிள்ளை 2003இல் இருபத்திரண்டு வயதினன். பள்ளிப்பருவம் முழுவதையும் தன் நகரத்தின் நூலகம் இன்றியே கழித்துவிட்டான். அவனுடைய உரிமையே முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

எஸ்றாவின் நூலில் இதற்கு நிகரான ஒன்றை நாம் காணலாம். இரண்டாம் ஆலயத்தின் அஸ்திபாரம் போடப்பட்டபோது முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரத்த சத்தமாய் அழுதனர், இளையோர் ஆர்ப்பரித்தனர், அழுகை எது, ஆர்ப்பரிப்பு எது எனப் பகுத்தறிய முடியவில்லை என நூலாசிரியர் எழுதுகிறார். அவர் அவ்விரு கூட்டத்தாருள் எவரையும் கண்டிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன்பின் வேலை தடைபட்டு, தரியுவின் இரண்டாம் ஆண்டுவரை நின்றுபோயிற்று. முடிந்தது அவனுடைய ஆறாம் ஆண்டில். அந்த நெடிய தடையின்போதும் ஆலயமில்லாத பலிபீடத்தில் காலைப்பலியும் மாலைப்பலியும் செலுத்தப்பட்டுவந்தன என்பதை மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தினின்று ஊகிக்கலாம். சொற்ப வசனங்களில் அடங்கிய அச்செய்தியை நாம் ஆகாயின் கடிந்துரைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியேனும் கொடுத்துப் படித்ததில்லை.

இடம் மாறுமுன் செய்யும் வேலை

காத்திருப்பு என்பது கைகட்டியிருத்தல் அன்று என்பதை நூலக வேலையின் இயல்பே காட்டும். புதுக்கட்டடத்திற்குள் நுழையுமுன் இருப்புச் சரிபார்த்தல் நடந்தாக வேண்டும்: பதிவேட்டில் உள்ளது அலமாரியில் உள்ளதா, அலமாரியில் உள்ளது பதிவேட்டில் உள்ளதா என இருவழியும் ஒத்துப்பார்த்தல். கிழிந்தவை கட்டடஞ் செய்யப்படவேண்டும். அலமாரியின் நீளம் அளக்கப்பட்டு, ஒவ்வொரு துறைக்கும் எத்தனை அடி, வளர்ச்சிக்கென எத்தனை அடி காலியாக விடுவது என முன்னரே குறிக்கப்படவேண்டும். நூலகம் வளரும் உயிர் என்று ரங்கநாதன் தம் ஐந்தாம் விதியில் கூறியது உபசார வார்த்தையன்று. அது அலமாரிக் கணக்கு. பின்பு பகுப்பெண் வரிசை குலையாமல் மூட்டை கட்டி, மூட்டைக்கு எண்ணிட்டு, வந்த வரிசையிலேயே பிரித்து அடுக்கவேண்டும். பத்தாயிரம் நூல்கள் வரிசை தப்பிச் சென்று சேர்ந்தால், அவை இருந்தும் இல்லாதவையே. ஓலைச்சுவடிகளுக்கோ தனிப்பக்குவம்: தூசி துடைத்து, புல்லெண்ணெய் தடவி, பூச்சி அணுகாமல் காத்து, கயிறும் கட்டைகளும் சரிபார்த்துத் துணியில் பொதிய வேண்டும்.

சுண்ணாம்பும் சிமெண்டும் முற்றிலும் உலராத புதுக்கட்டடத்தில் நூல்களை அடுக்கினால் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும் அனுபவமுடைய நூலகர் அறிந்ததே. ஆகவே திறப்புவிழாவுக்கு நாள் குறிப்பவர் அவசரப்படும்போது, இன்னும் ஒரு கோடை கழியட்டும் எனத் தடுப்பவர் நூலகராகவே இருப்பார். எல்லாத் தாமதமும் சோம்பலாலோ சதியாலோ வருவதன்று. நம் கல்லூரிகள் நூலகக் கட்டடத்திற்கு வெளிநாட்டுக் கொடை தேடும்போது, அதே மனுவில் நூலகர் ஒருவரின் ஊதியத்தையும் சேர்த்துக் கேட்பதில்லை. கொடையாளர் கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். ஊதியத்தில் பொறிக்க இயலாது என்பதே காரணம் போலும்!

யாழ்ப்பாணப் பொது நூலகம் இன்று இயங்கி வருகிறது; அதன் வெண்மையான கட்டடத்தைக் காண வருவோரும் பலர். 1981இல் எரிந்ததை எரிந்த வடிவில் மீட்க இயலாது. ஆயினும் 2005 முதல் நூலகம் என்னும் பெயரிலேயே தன்னார்வலர் சிலர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து, எவரும் எங்கிருந்தும் படிக்கும்படி மின்வடிவில் வைத்துவருகின்றனர். ஒரு கட்டடத்தில் ஒரே பிரதியாய் இருப்பது எத்துணை ஆபத்தென்பதைக் கண்ட தலைமுறையின் செயல் அது. நம் பழைய குருமனைகளிலும் மிஷன் பங்களாக்களிலும், மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பதிப்பித்த துண்டறிக்கைகளும் பாடநூல்களும் கடல்கடந்து வந்து கிடக்கக்கூடும். அட்டையில்லாத தமிழ்நூல் எதனையும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடுமுன், முதற்பக்கத்திலோ கடைசிப்பக்கத்திலோ அச்சிட்ட ஊரின் பெயரைப் பார்ப்பது நலம். மானிப்பாய் என்றோ யாழ்ப்பாணம் என்றோ இருப்பின், இறையியல் கல்லூரி நூலகம் ஒன்றிற்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும். படியெடுத்துத் திருப்பித் தரும் வழிகள் இப்போது உள்ளன.